300 ரூபாயில் ஒரு சண்டை விமானம்

மின்கம்பத்தில் கட்டித் தொங்கும் டியூஷன் விளம்பரத் தட்டியைப் பார்த்தால் என் கண்ணுக்கு ஓர் இறக்கைதான் தெரியும். விளம்பரப் பலகைக் கடைகளில் சன்பேக் ஷீட் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தோல்கள், நடுவே வரிசையாகக் குழல்கள். அட்டைப்பெட்டியின் அமைப்புத்தான், ஆனால் முழுக்கப் பாலிப்ரோப்பிலீன். நனையாது, நொறுங்காது, தரையில் மோதினால் வளைந்து மறுபடி நிமிரும். ரிமோட்டில் பறக்கும் ஆர்.சி. விமானங்களின் சண்டைக்கு இதைவிட அருமையான பொருளை என் கை தொட்டதில்லை. பால்சா மரத்தையும் இறக்குமதி ஃபோமையும் வெட்டிக் கட்டிப் பார்த்தவன் என்ற முறையில்தான் சொல்கிறேன்.

சண்டை என்றால் குண்டு, துப்பாக்கி எதுவும் கிடையாது. ஒவ்வொரு விமானத்தின் வாலிலும் சுமார் 10 மீட்டர் நீளத்துக்குக் கிரேப் காகித ரிப்பன் பறக்கும். எதிராளியின் ரிப்பனை நம் ப்ரொப்பெல்லரால் அறுக்க வேண்டும். நம்முடையது அறுபடாமல் காக்க வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். சென்னை மொட்டை மாடிகளில் காத்தாடி விட்டு வளர்ந்தவர்களுக்கு இது சொன்னதுமே பிடிபடும். டீல்! டீல் விடும்போது நெஞ்சில் ஏறுகிற அதே படபடப்பு, அறுந்ததும் கிளம்புகிற அதே கூச்சல். மாஞ்சா மட்டும் இல்லை. கண்ணாடித்தூள் தடவிய அந்த நூல் சாலையில் போனவர்களின் கழுத்தை அறுத்து உயிரைக் குடித்தது, தடையும் வந்தது. எங்கள் ஆட்டத்தில் அறுபடுவது காகிதம்.

இந்த ஆட்டத்தின் உயிர், விமானத்தின் மலிவில் இருக்கிறது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் மாடல்கள் கொள்ளை அழகு. ஆனால் பல ஆயிரம் கொடுத்து வாங்கியதை யாரும் இன்னொரு விமானத்தின் பக்கத்தில் கொண்டுபோக மாட்டார்கள். ரிப்பனை அறுப்பதற்கோ பக்கத்தில் போயே ஆக வேண்டும். உடம்பும் இறக்கையும் 300 ரூபாய்க்குள் முடிந்துவிட்டால் கைக்குத் தனித் துணிச்சல் வந்துவிடுகிறது. எதிரே வருகிறவனுக்கு இடம் விடாமல், விரலைத் தளர்த்தாமல் உள்ளே புகுந்து திரும்புகிற அந்தத் துணிச்சலுக்காகத்தான் நான் இத்தனை மலிவாகக் கட்டுகிறேன்.

கட்டுவதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. 2 மில்லிமீட்டர் சன்பேக்கில் ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமுமாக ஒரு துண்டு. குழல்கள் இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும். விறைப்பைத் தருவது அவைதான். நடுவில் ஒரு குழலின் உள்தோலை மட்டும் பிளேடால் கீறி மடித்தால், அந்த மடிப்பே இறக்கையின் முன்விளிம்பு. உள்ளே ஒரு மரச்சட்டத்தைச் செருகினால் மேல்புறம் புடைத்து, தூக்குவிசை தரும் வளைவு வந்துவிடும். பின்விளிம்பிலும் அதே வித்தை. ஒரு குழலின் ஒருபக்கத் தோலைக் கீறினால் மறுபக்கத் தோலே கீல். இறக்கையைச் சாய்க்கும் ஏலரானுக்கென்று தனியாகக் கீல் வாங்க வேண்டியதில்லை. ஷாம்பு பாட்டில் மூடியில் திறந்து மூடும் அந்தக் கீலும் பாலிப்ரோப்பிலீன்தான். ஆயிரக்கணக்கான முறை மடித்தாலும் அறாது.

உடம்புக்கு, வீட்டு வயரிங்குக்காகச் சுவரில் அடிக்கும் பிவிசி கேசிங் பட்டை. மூடியை அழுத்திப் பூட்டினால் சதுரக் குழாய் ஆகிவிடும். வால் சிறகுகளுக்கு மிச்சமான சன்பேக். சிறகுகளை அசைக்கும் தள்ளுகம்பிக்கு சைக்கிள் ஸ்போக்ஸ். வால்வரை போக நீளம் போதாது என்பதால் ஒரு மூங்கில் குச்சியின் இரு முனையிலும் ஸ்போக்ஸ் துண்டுகளைக் கட்டிக்கொள்வோம். இந்தப் பிளாஸ்டிக்கில் பசை சரியாக ஒட்டாது. ஃபெவிக்விக் போட்டால் காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். ஒட்டும் இடத்தில் தீச்சுடரை ஒரு நொடி தடவினால் மேற்பரப்பு மாறிப் பசை பிடிக்கும். என் வழி வேறு: இரண்டு துளை, ஒரு நைலான் டை, இழுத்தால் முடிந்தது. இறக்கையை உடம்போடு சேர்ப்பது ரப்பர் பேண்ட். மோதும்போது இறக்கை உடையாமல் நழுவிக்கொள்ளும். எடையின் மையம் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் கால் பங்கில் நிற்க வேண்டும். இரண்டு விரல் நுனியில் தாங்கிப் பார்த்து, பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தினால் போதும். இதில் மட்டும் சோம்பல் கூடாது.

இந்த வழியைத் திறந்துவிட்டவர்கள் அமெரிக்கப் பொழுதுபோக்காளர்கள். தேர்தல் முடிந்ததும் வீட்டு முற்றங்களில் மிஞ்சிய பிளாஸ்டிக் விளம்பரத் தட்டிகளையும் கூரை மழைநீர்க் குழாய்களையும் வைத்து விமானம் கட்டி, அதற்கு ஸ்பேட் என்று பெயரும் வைத்தார்கள். கலிஃபோர்னியாவில் இன்னொரு கூட்டம், கார் பம்பருக்குள் வைக்கும் ஈபிபி ஃபோமில் செய்த ஜாகி என்ற வாலில்லா இறக்கையை மலைச்சரிவுக் காற்றில் மோட்டாரே இல்லாமல் பறக்கவிட்டு, ஒன்றையொன்று முட்டித் தள்ளி விளையாடியது. இரண்டு கூட்டத்துக்கும் நான் கடன்பட்டவன்.

செலவு ஆவது மின்சாமான்களுக்குத்தான். எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோருக்கும் தெரிந்த ஏ2212 மோட்டார், 1400 கேவி. அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1400 சுற்று. 11.1 வோல்ட் பேட்டரியில், சுமை இல்லாதபோது நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல். அதோடு 30 ஆம்பியர் ஸ்பீட் கண்ட்ரோலர், தள்ளுகம்பிகளை அசைக்க 9 கிராம் எடையில் இரண்டு சர்வோ. மோட்டாரும் கண்ட்ரோலரும் சேர்ந்து ஏறக்குறைய ஆயிரம் ரூபாய், பேட்டரி ஆயிரத்தைந்நூறு. எட்டு அங்குல ப்ரொப்பெல்லரை ரப்பர் வளையத்தால் மாட்டினால் தரையில் குத்தும்போது அது விலகிக்கொடுக்கும். உடம்பு போனாலும் இந்தச் சாமான்கள் அடுத்த உடம்புக்கு மாறிவிடும். ரிமோட் ஒரு முறை வாங்குவது. பழைய ரேடியோக்களில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் இருந்தால் விமானம் விழுந்தே தீரும், இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் தம் ரிசீவரை மட்டும் அடையாளம் வைத்துக்கொள்வதால் எட்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று பறக்கவிடலாம்.

பறக்கவிடுவது, கோடையில் காய்ந்து கிடக்கும் ஏரியின் உள்வாயில். கடற்காற்று கிளம்புவதற்கு முந்தைய காலை நேரம்தான் சுகம். போகும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா என்று பார்த்துவிடுவோம். பச்சையில் உச்சவரம்பு 400 அடி, எங்கள் சண்டை அதற்கு வெகு கீழேயே நடக்கும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் தள்ளி, எங்களுக்குப் பின்னால். பறக்கவிடுபவர்கள் ஒரே கோட்டில், தலைக்கவசத்தோடு. விமானம் அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்னால் வந்தால் அந்தச் சுற்றில் அதைப் பறக்கவிட்டவருக்குப் புள்ளி கிடையாது. இந்த விஷயத்தில் நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பிறகு அந்த ஐந்து நிமிடம்! விசில் ஊதியதும் வானம் முழுக்க ரிப்பன். தரையிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஆழம் தெரியாது என்பதுதான் இதன் அற்புதமான சிக்கல். ஐம்பது அறுபது மீட்டருக்கு அப்பால் இரண்டு விமானங்கள் உரசிக்கொள்வதுபோல் தோன்றும். உண்மையில் நடுவே ஒரு லாரி போகும் இடம் இருக்கும். அதனால் சும்மா குறி வைத்தால் நடக்காது. எதிராளி திரும்புகிற வட்டத்துக்குள் நாமும் திரும்பி, அவர் போகிற பாதையிலேயே நம் விமானத்தைச் சேர்க்க வேண்டும். ரிப்பன், விமானம் போன தடத்திலேயே இழுபட்டு வரும். நுனியில் கொத்தினால் சிறு துண்டுதான் கிடைக்கும். வாலுக்குச் சற்றுப் பின்னால் குறுக்கே பாய்ந்தால் முழு ரிப்பனும் போகும். அளவுக்கு மீறி இழுத்துத் திரும்பினால் வேகம் செத்து ஓர் இறக்கை சரியும். அந்த விளிம்பு வரை போய், அதைத் தாண்டாமல் நிற்கக் கற்றுக்கொள்கிற விரல்களை என்னவென்று புகழ்வது!

"அண்ணா, பின்னாடி! பின்னாடி!" என்று கல்லூரிப் பையன் அலறுவான். "சார், மேலே இழுங்க, மேலே!" என்று எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஓய்வுபெற்ற வாத்தியாருக்குச் சொல்லிக்கொண்டே அவருடைய ரிப்பனையே குறிவைப்பார். "அறுத்துட்டேன்டா!" என்ற சத்தம் கேட்கும்போது வானத்தில் ஒரு வண்ணத் துண்டு தனியாகச் சுழன்று இறங்கும். ரிப்பனை இழந்த விமானமோ பின்னிழுப்பு குறைந்த உற்சாகத்தில் சட்டென்று வேகம் எடுக்கும், பழி வாங்கக் கிளம்பியதுபோல! நேருக்கு நேர் மோதி இரண்டும் விழுந்தால் இருவரும் சிரித்தபடியே ஓடுவார்கள். வளைந்த சன்பேக்கைக் கையால் நீவி, புது ரப்பர் பேண்ட் போட்டால் அடுத்த சுற்றுக்குத் தயார். கிழிந்திருந்தால் பேக்கிங் டேப். பல விமானங்களில் இன்று பிளாஸ்டிக்கைவிட டேப்தான் அதிகம், அவையும் அட்டகாசமாகப் பறக்கின்றன.

ஐப்பசியில் ஏரி நிறைந்ததும் சண்டை நின்று, கட்டும் காலம் தொடங்கும். இந்த மழைக்கு எங்கள் திட்டம் பெரிது. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் விமானங்களை 1:12 அளவில் கட்டி, இதே ரிப்பன் சண்டையைப் போட்டியாகவே நடத்துகிறார்கள். அந்தப் போர் விமானங்களில் ஒன்றான ஹரிக்கேனின் இறக்கை 12.19 மீட்டர். பன்னிரண்டால் வகுத்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர். நாங்கள் சன்பேக்கில் வெட்டிப் பழகிய அதே அளவு! பாதிப் பேருக்கு ஹரிக்கேன், மீதிப் பேருக்கு எதிரணியின் மெஸ்ஸர்ஷ்மிட். பெயின்ட் இந்தப் பிளாஸ்டிக்கில் நிற்காது என்பதால் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் பச்சையும் பழுப்புமாக வினைல் சுருள்கள் சொல்லி வைத்திருக்கிறோம். மெஸ்ஸர்ஷ்மிட் கேட்டு இப்போதே அடிதடி.