ரோபோவும் மார்ச் மாதத்துத் தோட்டக்காரனும்

காரெல் சாப்பெக் என்றதும் என்னைப் போன்ற கணினித் துறைக்காரர்களுக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு சொல்: ரோபோ. 1920இல் வெளியான அவருடைய ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தில்தான் அந்தச் சொல் முதலில் வந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெஃப் சாப்பெக். அதே அண்ணனும் தம்பியும் சேர்ந்து 1929இல் ஒரு சின்னத் தோட்டப் புத்தகம் போட்டார்கள். எழுத்து தம்பி, கோட்டுப் படங்கள் அண்ணன். தமிழில் ‘தோட்டக்காரனின் ஓராண்டு’ என்று சொல்லலாம். 1931இலேயே ஆங்கிலத்துக்கும் வந்துவிட்டது. ரோபோ எழுதிய ஆளுக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்ற கேள்வியோடுதான் நான் இதைக் கையில் எடுத்தேன்.

முதல் தடவை சென்னையில் வைத்துப் படித்தேன். சிரித்தேன், மூடி வைத்தேன். இரண்டாவது தடவை பத்து வருஷத்துக்கு முன்னால், ஒரு ப்ராஜெக்டுக்காக செக் குடியரசின் பர்னோ நகரில் இருந்தபோது. சாப்பெக் வேலை பார்த்த ‘லிடோவே நோவினி’ பத்திரிகை பிறந்த ஊர் அது. நான் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டி மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் காலையில் தோட்டத்துக்குள் இறங்கினார். குளிர்காலம் முழுக்க ரோஜாச் செடிகளைப் போர்த்தியிருந்த ஊசியிலைக் கிளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் எட்டிப் பார்த்து, மறுபடியும் மூடினார். மண் இன்னும் உறைந்துதான் கிடந்தது. செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அன்றைக்கு ராத்திரி புத்தகத்தின் மார்ச் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். இது நகைச்சுவைப் புத்தகம் மட்டும் இல்லை என்று அப்போதுதான் பட்டது.

மார்ச் அத்தியாயம் இரண்டு பட்டியல்களாக ஆரம்பிக்கிறது. தோட்டக்காரன் மார்ச்சில் செய்ய விரும்புவது ஒன்று: கிளைகளை அகற்றணும், கொத்தணும், எரு போடணும், கத்தரிக்கணும், நடணும். உண்மையில் செய்வது இன்னொன்று: மண் உறைந்திருக்கிறதே என்று திட்டுவது, வீட்டுக்குள் குட்டிபோட்ட பூனை மாதிரி அலைவது, ஜலதோஷம் பிடித்து அடுப்போரம் உட்காருவது. எந்தப் புரட்சி வந்தாலும் விதை முளைக்கிற நாளை முன்னால் தள்ள முடியாது என்பதுதான் அவர் வந்து சேருகிற இடம்.

வசந்தத்தைப் பற்றி எழுதுகிற பலர் பூத்த பிறகுதான் பேனாவை எடுப்பார்கள். சாப்பெக் பூக்காத நாட்களில்தான் நிற்கிறார். புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் மொட்டுகளைப் பற்றிய பகுதி. ஃபோர்சித்தியா என்று ஒரு செடி. இலை வருமுன்பே மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். செக் பேச்சு வழக்கில் அதைப் ‘பொன் மழை’ என்கிறார்கள். அதன் பெரிய மொட்டு ஒன்றை நாள்கணக்கில் காவல் காக்கிறார். மார்ச் 30 அன்று காலை, மழை வருமா என்று வானத்தைப் பார்த்த அந்த ஒரு நிமிஷத்தில் அது பூத்துவிடுகிறது. அவ்வளவு காத்திருந்தும் அவர் பார்க்கவில்லை. சிரிப்புத்தான். ஆனால் தோட்டத்துக்குத் திரும்புகிற சந்தோஷம் என்று அவர் எதைச் சொல்கிறார் என்பது இதில் இருக்கிறது. நம்மால் நடத்தி வைக்க முடியாத ஒன்று, நாம் பார்க்காவிட்டாலும் நடக்கிறது. அதன் பக்கத்தில் நிற்க நமக்கு இடம் கிடைக்கிறது.

இதை ‘ஆர்.யு.ஆர்.’ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனிதனை உழைப்பிலிருந்து விடுவிக்கப் போகிறோம் என்று கனவு காண்கிறார் அந்த ரோபோ ஆலையின் தலைவர். உழைப்பு போகிறது, கூடவே குழந்தை பிறப்பதும் நின்றுவிடுகிறது. கடைசியில் ரோபோக்கள் உயிரோடு விடுவது அல்குவிஸ்ட் என்ற கட்டடக்காரர் ஒருவரை மட்டும்தான். காரணம், அவர் இன்னும் கையால் வேலை செய்கிறார். ஒன்பது வருஷம் கழித்து வந்த தோட்டக்காரனை அந்த அல்குவிஸ்ட்டின் தம்பி என்றே நான் வாசிக்கிறேன். முதுகு வலிக்க, அவசியமே இல்லாத ஒரு வேலையைச் செய்கிறவன்.

எனக்கு இது சும்மா இலக்கிய விஷயம் இல்லை. தானியக்கம்தான் என் சோறு. நான் எழுதிய ஒரு நிரலால் ஒரு பரிசோதனைக் குழுவில் நான்கு பேருக்கு வேலை இல்லாமல் போச்சு. ‘அலுப்பான வேலையிலிருந்து விடுதலை’ என்றுதான் நானும் அப்போது மீட்டிங்கில் சொன்னேன். அந்த வாக்கியத்தை நாடகத்தில் திரும்பச் சந்தித்தபோது கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை.

சரி, புத்தகத்தின் மேல் எனக்கு இருக்கிற குறையையும் சொல்லிவிடுகிறேன். ரோபோ என்பதன் வேர் ‘ரோபோத்தா’: பண்ணையாரின் நிலத்தில் குடியானவன் கூலியில்லாமல் செய்து தீர்க்க வேண்டிய வேலை. ஹாப்ஸ்பர்க் ஆட்சிப் பகுதிகளில் அது ஒழிந்தது 1848இல்தான். அதாவது சாப்பெக் புத்தகம் போடுவதற்கு வெறும் 81 வருஷம் முன்னால். அதே மண், அதே மார்ச், அதே மண்வெட்டி. ஒருவனுக்கு ஆனந்தம், இன்னொருவனுக்கு நுகத்தடி. வித்தியாசம் மண்ணில் இல்லை, யாருக்காகக் கொத்துகிறோம் என்பதில் இருக்கிறது. அந்தச் சொல்லை உலகத்துக்கே கொடுத்த சகோதரர்களின் புத்தகம் இந்தக் கேள்விக்குள் இறங்குவதில்லை. பிராகா நகரின் வினோஹ்ராடி பகுதியில் சொந்த வீடும் தோட்டமும் உள்ளவரின் சந்தோஷம் இது. காய்கறி போடுகிறவர்களைக்கூட அவர் கொஞ்சம் கேலியாகத்தான் பார்க்கிறார். பசிக்காகக் கொத்துகிறவனுக்கு இதில் இடம் குறைவு.

இன்னொரு கேள்வி, புத்தகத்தின் முடிவைப் பற்றியது. தோட்டக்காரன் எதிர்காலத்தில் வாழ்கிறவன், நல்லதெல்லாம் இனிமேல்தான், ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் வளர்ச்சி கூடும் என்கிற தொனியில் முடிக்கிறார். நடந்தது என்ன? 1938 டிசம்பர் 25 அன்று, 48 வயதில், நிமோனியாவில் காரெல் இறந்தார். 1939 மார்ச் 15 அன்று, பனி பெய்துகொண்டிருக்க, ஜெர்மன் படை பிராகாவுக்குள் நுழைந்தது. அவர் இறந்துபோனதே தெரியாமல் கெஸ்டாபோ அவரைக் கைது செய்ய வந்தது என்பார்கள். யோசெஃப் 1939 செப்டம்பரில் கைதாகி, 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் இறந்தார். இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தக் கடைசிப் பக்கத்தை எப்படிப் படிப்பது? வெகுளித்தனம் என்று தள்ளிவிடலாமா?

நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நவம்பர் அத்தியாயம் விடவில்லை. இலை உதிர்ந்த இடத்திலேயே அடுத்த வருஷத்து மொட்டு தயாராக இருக்கிறது, வேர்கள் மண்ணுக்கடியில் வேலையில் இருக்கின்றன, வசந்தம் உண்மையில் நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறது என்பது அங்கே அவர் சொல்லும் சேதி. நல்ல காலம் கட்டாயம் வரும் என்ற ஜோசியம் இல்லை இது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இப்போதே என்ன நடக்கிறது என்று குனிந்து பார்க்கச் சொல்கிறார். அந்தப் பாட்டி கிளையைத் தூக்கிப் பார்த்ததும் அதைத்தான்.

புதிதாகப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஜனவரியில் ஆரம்பிக்காதீர்கள். நவம்பரில் தொடங்கி, டிசம்பரைத் தாண்டி, முன்பக்கம் வந்து மார்ச்சில் நிறுத்துங்கள். பூவுக்கு அவசரமில்லை.