வெறுங்கால்: விரதமா, விதியா?

பாதயாத்திரை எழுத்துக்கென்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. கால் கொப்புளிக்கும். முன்பின் தெரியாதவர் தண்ணீர் தருவார். அகந்தை கரையும். கடைசியில் 'பாதையில் எல்லோரும் சமம்' என்று முடியும். சபரிமலை, பழனி நடைப்பயணக் கட்டுரைகளும் இப்படித்தான்; ஐரோப்பா போய் ஸ்பெயின் நாட்டு சந்தியாகு யாத்திரையை நடந்தவர்கள் எழுதுவதும் இப்படித்தான். நடக்கிறவருடைய மனசு பக்கம் பக்கமாக வரும். பாதையைப் பற்றி ஒண்ணும் இருக்காது. அது யாருடைய தெரு, யாரை அதில் நடக்கவிடவில்லை என்ற கேள்வியே எழாது.

தலித் விமர்சனம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்-ராஜபாளையம் சாலையை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குப் போகும் சாலை இது. கார்த்திகை, மார்கழியில் இருமுடிக்காரர்கள் போவார்கள். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறவர்கள் வத்திராயிருப்பைத் தாண்டித் தாணிப்பாறைக்குப் போகிறார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு நடக்கிற கூட்டம் தனி. இதிலெல்லாம் நம்ம சனமும் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் விடவேண்டுமென்று நடக்கிற தாயைக் கேலி செய்வது பகுத்தறிவாகாது. மாலை போட்டவரைச் சாதி பார்க்காமல் 'சாமி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சந்தோஷம். மண்டலம் முடிந்து மாலையைக் கழட்டினதும் அந்தச் சாமி பழைய பேருக்கே திரும்ப வேண்டியிருக்கிறதே, அதை எந்த யாத்திரைக் கட்டுரை எழுதியிருக்கிறது?

செருப்பு விஷயமும் இதுதான். பக்தர் செருப்பைக் கழட்டினால் விரதம். வீட்டுக்கு வந்ததும் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வைக்கப்பட்டவனுக்கு அது விதி. வெயில் ஒண்ணு, மண் ஒண்ணு, கொப்புளமும் ஒண்ணு. ஆனால் ஒருவருடைய கொப்புளம் இலக்கியமாகிறது, மற்றவருடையது 'ஊர்ப் பழக்கம்' என்று விடப்படுகிறது.

'ஐரோப்பாவில் இதெல்லாம் கிடையாதே' என்பார்கள். சந்தியாகு பாதையையே பார்ப்போம். நம்மூர்க் கிறிஸ்தவர்கள் சந்தியாகப்பர் என்று கும்பிடுகிற யாகப்பரின் கல்லறையைத் தேடிப் போகும் பாதை. பிரான்ஸ் எல்லையிலுள்ள சான் ழான் பியே தெ போர் என்ற ஊரிலிருந்து பிரனீஸ் மலையைக் கடந்து ஏறக்குறைய 780 கிலோமீட்டர். 1987இல் ஐரோப்பிய மன்றம் இதை முதல் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. 2023இல் மட்டும் நாலு லட்சம் பேருக்கு மேல் வந்து பதிந்திருக்கிறார்கள்.

அந்த மலைப்பக்கத்து ஊர்களில்தான் காகோ என்ற சனம் இருந்தது. ஸ்பெயின் பக்கம் அகோத்தே என்பார்கள். நிறம், பாஷை, மதம் எதிலும் மற்றவர்களிடமிருந்து வித்தியாசமில்லை. ஆனாலும் ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு. தேவாலயத்தில் தனி வாசல், தீர்த்தத்துக்குத் தனித் தொட்டி, செத்தால் தனிக் கல்லறை. சில ஊர்களில் வாத்துக்கால் வடிவச் சிவப்புத் துணியைச் சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டும். தச்சு வேலை செய்து தேவாலயக் கூரையை எழுப்பிய கை, உள்ளே போகப் பக்கவாட்டுச் சின்ன வாசல். நவாரா பகுதி அகோத்தேக்கள் போப்பாண்டவருக்கே மனுப்போட்டார்கள். மற்றவர்களைப் போலவே இவர்களையும் நடத்த வேண்டுமென்று 1515இல் பத்தாம் லியோ ஆணையிட்டார். அதற்குப் பிறகும் ஒதுக்கல் நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது. சட்டம் வந்தும் தெரு திறக்காத கதை நமக்குப் புதுசா என்ன?

இன்னொன்று. காகோக்கள் வெறுங்காலோடு நடக்கக்கூடாதென்று சில ஊர்களில் விதி இருந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. அவர்கள் கால் பட்டால் மண் தீட்டாகுமாம். இங்கே செருப்புப் போடாதே, அங்கே செருப்பில்லாமல் நடக்காதே. விதி தலைகீழ், அதிகாரம் ஒண்ணுதான்: உன் கால் எப்படி இருக்க வேண்டுமென்று நான்தான் சொல்வேன் என்கிற அதிகாரம்.

இப்போது நம் இலக்கிய வரலாற்றுக்கு வருவோம். தமிழில் பயண இலக்கியம் என்றால் ஏ.கே. செட்டியார் பெயர் முதலில் வரும். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வட்டமேசை மாநாட்டுக்காக 1930இல் லண்டன் போன இரட்டைமலை சீனிவாசனை யாராவது அந்த வரிசையில் வைத்துப் பேசுகிறார்களா? பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லாச் சாதிக்கும் திறந்திருக்க வேண்டுமென்று 1924இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். 1939இல் தன் வாழ்க்கையையும் எழுதி வெளியிட்டார். உள்ளூர்த் தெருவைக் கேட்டு வாங்கிய பிறகு கப்பலேறிய ஆளின் பயணத்தை வேறு கண்ணால்தான் படிக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலேயே அப்படியொரு புத்தகம் இருக்கிறது: 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு'. பாமாவின் ஊர் வத்திராயிருப்பை ஒட்டிய புதுப்பட்டி. தபாலாபீஸ், பஞ்சாயத்து போர்டு, பள்ளிக்கூடமெல்லாம் எந்தச் சாதித் தெருவில் இருக்கின்றன என்று அது கணக்கெடுத்துச் சொல்கிறது. வடைப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கி வரும் பெரியவரைக் காட்டுகிறது. தன்வரலாறு என்று வகைப்படுத்தி அதை ஓரமாக வைக்கிறார்கள். நான் அதைப் பாதையைப் பற்றிய நூலாகவும் படிக்கிறேன். சதுரகிரிக்குப் போகிறவர்கள் மலையைப் பார்க்கிறார்கள். 'கருக்கு' அடிவாரத்துத் தெருவைப் பார்த்தது.

2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு இளையராஜா வந்தபோது அர்த்தமண்டப வாசலில் நிறுத்தப்பட்ட காட்சி பரவியது. அர்ச்சகர், பரிசாரகர், மடாதிபதிகள் தவிர வேறு யாருக்கும் அங்கே அனுமதியில்லை என்று அறநிலையத்துறை விளக்கியது. தன்னைப் பற்றிய பேச்சு வதந்தி என்று அவரே மறுத்தார். அவர் சொன்னதற்கு மேல் அவர் வாயில் சொல்லைத் திணிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் கோயிலுக்குள் ஒவ்வொரு படிக்கும் யார் கால் என்று விதி இருக்கிறது என்பதை அந்த விளக்கமே சொல்லிவிட்டது. யார் அர்ச்சகர் ஆகலாம் என்ற பழைய கேள்வியை அந்தப் படியில் நின்றுதான் கேட்க வேண்டும்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. யாத்திரை போங்கள், முடிந்தால் ஐரோப்பாவுக்கும் போங்கள். எழுதும்போது கொப்புளத்தோடு நிறுத்தாதீர்கள். எந்த ஊரில் பாதை எந்தத் தெருவைச் சுற்றிப் போகிறது, எந்த வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொன்னார்கள், பேரைக் கேட்ட பிறகு என்ன கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள்.