அல்லியின் கோட்டையும் வெளியாளும்

கூவாகத்தில் அரவான் பேரில் தாலி ஏறும் மாவட்டம் இது. நைனார்பாளையம் தொடங்கி உளுந்தூர்பேட்டை வரை பாரதக் கதை காதில் விழாமல் வளர்ந்தவர் அரிது. அந்த அரவானின் தகப்பன் அர்ச்சுனன் மதுரைக்குப் போய்க் கட்டிய இன்னொரு தாலியின் கதைதான் அல்லி கதை. வியாசரிடம் அது இல்லை, நாம் சேர்த்துக்கொண்டது.

மதுரை அரசி அல்லியின் ஆட்சியில் மந்திரி பெண், படை பெண், காவலும் பெண். ஆண் வாடையே ஆகாது. ஏன் ஆகாது என்பதை ஒவ்வொரு மரபும் எப்படிச் சொல்கிறது? என் அளவுகோல் அதுதான்.

பெரிய எழுத்துப் புத்தகமாக வந்த அல்லியரசாணி மாலை காரணத்தை மறைக்கவில்லை. (அட்டையில் புகழேந்திப் புலவர் பெயர் இருக்கும். நளவெண்பா பாடியவரின் நடை இதுவல்ல, அது போகட்டும்.) ஆட்சியைப் பறித்த நீன்முகனோடு போரிட்டு வென்றுதான் அல்லி அரியணை ஏறுகிறாள். ஒருவன் செய்ததற்கு ஆண்குலத்தையே கோட்டைக்கு வெளியே நிறுத்தியது அநியாயம்தான். ஆனால் அர்ச்சுனன் செய்தது என்ன? பாம்பாக உள்ளே புகுந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டுகிறான். அவள் பயந்தது சரியென்று நிரூபித்துவிட்டு, அவளைத் திமிர் பிடித்தவள் என்கிறோம். கிரேக்கர்களும் அப்படித்தான். அமேசான் பெண்களைப் பற்றிக் கதை கட்டியவர்கள் ஹெராக்ளீஸையும் அக்கிலீஸையும் அனுப்பித்தான் அவர்களை அடக்கினார்கள்.

கூத்தில் அல்லி வேஷம் வழிவழியாக ஆணுடையது. ஆண் நுழையக் கூடாத அரண்மனையில் ராணி, மந்திரி, தோழி அத்தனை பேரும் மீசை மழித்த ஆண்கள்! கெட்டிக்காரக் கட்டியங்காரனுக்கு இது ஒன்றே போதும். ஆனால் திரை விலகும்போதே ராஜ வேஷத்தின் வீறு அடவில் தெரிய வேண்டும். நளினத்தை மட்டும் நம்பினால் வேஷம் விழுந்துவிடும்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த ஸ்பெஷல் நாடகத்துக்குத் தர்க்கம்தான் உயிர். அங்கே அல்லிக்கு வாய் கிடைக்கிறது. நல்ல நடிகை அமைந்தால் அர்ச்சுனன் பாடு திண்டாட்டம். ஆனாலும் விடிவதற்குள் அவள் தோற்றாக வேண்டும், கதை அப்படி. பெண்களே கூடி ஆள்வது மேடைக்கு வெளியே நடக்காததும் அல்ல. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே வைத்து நாடகக் கம்பெனி நடத்திக் காட்டினார்.

சினிமாவுக்கு அல்லியைவிடப் பவளக்கொடி பிடித்துப்போனது. கே. சுப்பிரமணியம் இயக்கிய 1934ஆம் ஆண்டுப் படத்தில்தான் தியாகராஜ பாகவதர் அறிமுகமானார். அல்லியின் மகன் புலந்திரன் கேட்ட பவளத்தேருக்காகப் போன அர்ச்சுனன் போன இடத்தில் பவளக்கொடி என்ற பெண்ணை மணந்துகொள்கிறான். இப்போது அல்லியின் ஆத்திரம் ஆணோடு நிற்பதில்லை, எங்கிருந்தோ வந்த இன்னொரு பெண்ணின் மேலும் பாய்கிறது. சக்களத்திச் சண்டை என்று இதைச் சிரிப்புக்கு விடுவது எளிது. கோட்டை வாசலில் தொடங்கிய அதே சந்தேகம்தான் இது என்று காட்டும் கூத்து வாத்தியார்கள் குறைவு. நீன்முகன் போரைச் சுருக்கிவிட்டுப் பாம்புக் காட்சிக்கு ஓடுகிற ஜமாவுக்கு, பாட்டு எவ்வளவு இனித்தாலும், நான் மதிப்பெண் குறைப்பேன்.