மாருதியின் முகங்கள்

1938-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்து, ரங்கநாதன் என்னும் இயற்பெயருடன் 1959-இல் சென்னைக்கு வந்து, அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ் வார, மாத இதழ்களின் கதைப் பக்கங்களையும் அட்டைகளையும் அலங்கரித்து, 2023 ஜூலையில் புனே நகரில் மறைந்த ஓவியர் மாருதியைப் பற்றிப் பேசப் புகுவோர், பெரும்பாலும் அவர் தீட்டிய பெண்முகங்களின் லாவண்யத்தை வியப்பதோடு நின்றுவிடுகிறார்கள். வியப்பு நியாயமானதே, ஆயினும் அத்தனை காலம் உழைத்தவருக்கு வியப்பு மட்டும் போதிய மரியாதை ஆகாது.

பத்திரிகைச் சித்திரத்தில் கோட்டின் ஆட்சி மேலோங்கியிருந்த காலத்தில் அவர் தொழிலுக்கு வந்தார். ஓவியர் கோபுலு சில வளைவுகளிலேயே ஒரு மனிதரின் ஸ்வபாவம் முழுவதையும் சொல்லிவிடுவார். மாருதியோ கோட்டை மறைத்து, வர்ணத்தைப் படிப்படியாகக் கரைத்து, நெற்றியிலிருந்து கன்னத்துக்கும் கன்னத்திலிருந்து மோவாய்க்கும் ஒளி வழுக்கிச் செல்லும்படி விட்டு, விழியின் ஈரத்தில் ஒரு வெண்புள்ளி வைத்து முகத்துக்கு உயிர் கொடுத்தார். பழைய பிளாக் அச்சில் சிதைந்துபோகக்கூடிய இந்த நுண்சாயல்கள், ஆப்செட் அச்சு பரவியபின், பெட்டிக்கடையில் தொங்கிய 'கண்மணி' இதழின் அட்டையிலும் கெடாமல் நின்றன. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசலில், ஒன்பதாம் நூற்றாண்டுக் குகைத் தூண்களில் ஆடும் மாதர்க்கு உடலின் வளைவே பாவம்; மாருதியிடம் உடல் ஒதுங்கி முகமே பேசுகிறது. ஊர்ப்பெருமையின் பொருட்டு இவ்விரண்டுக்கும் பரம்பரை உறவு கற்பிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

அவருடைய பெண்கள் பார்ப்பவரைக் கவர முயல்வதில்லை. தம் நினைவில் தாமே ஆழ்ந்திருக்கிறார்கள். எழுத்தாளர் சுஜாதாவின் கதைகளுக்கு ஓவியர் ஜெயராஜ் எழுதிய துடுக்கான நாகரிக யுவதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த அடக்கத்தின் கம்பீரம் விளங்கும். அட்டையில் பெண்ணைக் காட்டி விற்கும் வியாபாரத்தில் அவளுடைய மதிப்புக் குறையாமல் காத்தது சிறிய காரியமன்று.

ஆனால் கதைக்கு எழுதும் படம் கதைக்குக் கடமைப்பட்டது. கல்லூரி மாணவியும், கைம்பெண்ணும், கூலிக்குப் போகிறவளும் அதே வட்ட முகத்தையும், அகன்ற விழியையும், சிவந்த மேனியையும் பெறும்போது, எழுத்தாளர் வேறுபடுத்தியதை ஓவியர் ஒன்றாக்கிவிடுகிறார். வெயிலில் கறுத்த நம் ஊர்ப் பெண்களின் முகம் அந்த அட்டைகளில் மிக அபூர்வம். வாரந்தோறும் கெடு வைத்து வாங்கும் பத்திரிகைத் தொழிலும், பழகிய அழகையே விரும்பும் வாசகர்களும் இதற்குப் பொறுப்பு. அவர்மேல் மட்டும் பழி சுமத்துவது தர்மமன்று. எனினும் அமெரிக்காவில் நார்மன் ராக்வெல் 1916 முதல் 1963 வரை 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழுக்கு அட்டை எழுதியபோது, அவரையும் இதே வணிக நிர்ப்பந்தம் அழுத்திற்று. இருந்தும், அண்டை வீட்டாரையே மாதிரியாக நிறுத்தியதால் அவர் முகங்கள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. அப்பத்திரிகையை விட்டபின், 1964-இல், காவலர் நடுவே பள்ளிக்குச் செல்லும் கறுப்பினச் சிறுமியையும் அவர் எழுதினார்.

அத்தகைய ஆற்றல் மாருதிக்கு இல்லாமல் இல்லை. முதியோரை எழுதும்போது சுருக்கமும் தளர்ந்த இமையும் அவர் தூரிகையில் தனித்தன்மை பெறுகின்றன. அழகாக்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லாததே காரணமென்று நினைக்கிறேன். ஆகையால் அவர் சித்திரங்களைத் தொகுக்க முற்படுவோர் அட்டைகளை மட்டும் வழவழப்பான தாளில் அச்சிடாமல், உட்பக்கப் படங்களையும் அவை எழுந்த கதைகளோடு சேர்த்துப் பதிப்பிக்க வேண்டும்.