அச்சத்தின் நிலைக்களன்கள்: மாணவர் திகிற்படங்களின் ஆக்கமும் மதிப்பீடும்

0. முன்னுரை

மாணவர் குறைந்த செலவில் எடுக்கும் குறும்படங்களுள் திகிற்படத்திற்குத் தனியிடம் உண்டு. ஒரு வீடு, ஓர் இரவு, நான்கு நண்பர், ஒரு கைப்பேசி என்னும் அளவில் அதனை எடுத்து முடிக்கலாம். நடிப்போரும் பதின்பருவத்தினர், பார்ப்போரும் அப்பருவத்தினரே. ஊடகக் கல்வி பயில்வோர்க்கு இது செய்முறைப் பாடமாகவும் அமைகிறது. எடுத்த படத்தைத் தாமே மதிப்பிட்டு எழுதுதலும் அப்பாடத்தின் ஒரு கூறாகும். இவ்வாக்கத்தையும் மதிப்பீட்டையும் மொழியியல், மொழிபெயர்ப்பியல் நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

செலவு குறைந்த திகிற்படத்தில் அச்சத்தை விளைவிக்கும் முதன்மைக் கருவி மொழியே. ஆயினும் மாணவர் மதிப்பீட்டிற்குக் கையாளும் கலைச்சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத் திறனாய்விலிருந்து பெயர்த்துக் கொள்ளப்பட்டவை. அவை மொழியின் பங்கைக் கணக்கில் கொள்வதில்லை. அதனால், யாரை அஞ்சத்தக்கவராகக் காட்டுகிறோம் என்னும் வினாவும் மறைந்துபோகிறது. இக்கருத்துகள் முதலில் சில படங்களைக் கொண்டும், பின்னர் நடு அந்தமானிலுள்ள ரங்கத் என்னும் ஊரைக் களமாகக் கொண்டும் ஈண்டு விளக்கப்படுகின்றன.

1. முன்னோடிப் படங்கள்

தமிழில் மாணவர் முயற்சி என்றவுடன் நினைவிற்கு வருவது 1986 ஆகஸ்டு 15 அன்று வெளிவந்த 'ஊமை விழிகள்'. சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்ற ஆபாவாணன், ஆர். அரவிந்தராஜ் முதலியோரின் கூட்டு முயற்சி அது. குற்றப் புலனாய்வுக் கதையாயினும் திகிற்படத்திற்குரிய இருளும் காத்திருப்பும் அதில் மிகுதி. பெயர் பெற்ற நடிகர் பலர் நடித்த அகன்றதிரைப் படமாதலின் அதனைச் சிறு செலவுப் படம் எனல் பொருந்தாது. எனினும், பயிற்சிக் கூடத்திலிருந்து வந்தோர் வணிகத் திரைக்குள் அச்சம் என்னும் வாயில் வழியாக நுழைந்தனர் என்பது கருதத்தக்கது.

சிறு செலவு முயற்சிக்கு எடுத்துக்காட்டாக அமைவது அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு வெளிவந்த 'த பிளேர் விட்ச் பிராஜக்ட்'. மத்தியப் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கல்வி பயின்ற டேனியல் மிரிக், எட்வர்டோ சான்செஸ் ஆகிய இருவரும் இதனை 1997இல் மேரிலாந்துக் காடுகளில் எடுத்தனர். சில பத்தாயிரம் டாலர் செலவில் படம்பிடிக்கப்பட்டு, உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் ஈட்டியது. கதைமாந்தரும் மாணவரே. ஒரு சூனியக்காரியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கச் சென்ற மூவர் காட்டில் காணாமற் போகின்றனர். சூனியக்காரி திரையில் ஒருமுறையேனும் தோன்றுவதில்லை. படத்தின் தொடக்கத்தில் ஊரார் சொல்லும் செய்திகளே பின்னர்க் காட்டின் ஒவ்வோர் ஓசைக்கும் பொருள் தருகின்றன. ஒப்பனைக்கும் காட்சி உத்திகளுக்கும் ஆகவேண்டிய செலவை ஊரார் பேச்சு ஈடுசெய்கிறது.

2012இல் வெளிவந்த கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' இவ்வுத்தியை வேறொரு வகையில் கையாள்கிறது. இயக்குநர் தொலைக்காட்சிக் குறும்படப் போட்டி வழியாகத் திரைத்துறைக்கு வந்தவர். கதைத் தலைவன் மைக்கேல், தனி மாளிகையொன்றில் தனக்கு நேர்ந்தவற்றைத் தன் கடையினரிடம் எடுத்துரைக்கிறான். அவன் கூற்றே காட்சியாக விரிகிறது. இறுதியில் அக்கூற்று முழுவதும் புனைவு என்பது வெளிப்படுகிறது. பார்வையாளர் அஞ்சியது மாளிகையைக் கண்டன்று. ஒருவன் சொன்ன சொல்லைக் கேட்டேயாகும்.

2. கேள்வியும் காட்சியும்

இவ்விரு படங்களும் தமிழ் மொழியியலார்க்கு நன்கு அறிமுகமான ஓர் உருபை நினைவூட்டுகின்றன. 'அந்த வீட்டில் யாரோ அழுகிறார்கள்' என்பது கூறுவோன் தன் பொறுப்பில் சொல்லும் செய்தி. 'அந்த வீட்டில் யாரோ அழுகிறார்களாம்' என்பது பிறர்வழிக் கேட்டது. 'ஆம்' என்னும் ஈறு செய்தியின் பொறுப்பைப் பெயர் அறியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிடுகிறது. பேய்க்கதை சொல்லும் பாட்டியரின் பேச்சு இவ்வீற்றால் நிரம்பியிருப்பது தற்செயலன்று. கதை நிகழ்ந்ததா என்னும் வினா எழாதவாறு அது காக்கிறது. அதே நேரத்தில் நிகழ்ந்திருக்கலாம் என்னும் ஐயத்தையும் விட்டுவைக்கிறது. இவ்வையமே அச்சத்தின் வித்து.

திரைக்காட்சிக்கு 'ஆம்' ஈறு இல்லை. காட்டப்படுவது யாவும் கண்டதுபோலவே தோன்றும். 'பீட்சா' தன் பார்வையாளரை ஏமாற்றுவது இவ்விடைவெளியைப் பயன்படுத்தியே. மாணவர் படங்கள் பல தொடக்கத்திலேயே பேயைக் காட்டிவிடுகின்றன. வெண்ணிற ஆடையும் விரித்த கூந்தலும் திரையில் வந்தபின் கேள்விச் செய்திக்கு இடமில்லை; எஞ்சுவது திடுக்கிடல் மட்டுமே. கேள்வியிலிருந்து காட்சிக்கு எப்பொழுது நகர்வது என்பதே இவ்வகைப் படத்தின் அமைப்புச் சிக்கல்.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இங்கு ஒரு சிக்கல் உண்டு. தமிழில் தொடர் முழுவதும் உறுதிக் கூற்றுப்போல் ஒலித்து, இறுதி அசையில்தான் கேள்விச் செய்தியாக மாறுகிறது. திரையடி வாசகத்தில் ஆங்கிலமாக்குவோர் 'பிறர் சொல்கின்றனர்' என்னும் பொருளுடைய தொடரை முதலில் வைத்துவிடுகின்றனர். அச்சம் பிறக்கும் முன்னரே ஐயம் அறிவிக்கப்பட்டுவிடுகிறது. இந்தியிலும் 'சுனா ஹை' போன்ற தொடர்கள் பெரும்பாலும் முன்னரே வரும். பொருள் பெயர்க்கப்படுகிறது; பொருள் வெளிப்படும் வரிசை பெயர்க்கப்படுவதில்லை. திகிற்படத்தில் வரிசையே பொருள் என்பதனை மொழிபெயர்ப்பாளர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

3. மதிப்பீட்டின் கலைச்சொற்கள்

இங்கிலாந்தில் ஓசிஆர் தேர்வு வாரியத்தின் ஊடகப் பாடத்திட்டம் 2008 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதில் மாணவர் ஒரு புனைவுப் படத்தின் தொடக்கத்தை இரண்டு நிமிட அளவில் எடுத்து, ஏழு வினாக்களுக்கு விடை எழுதினர். வகைமையின் மரபுகளை எவ்வாறு பின்பற்றினீர் அல்லது மாற்றினீர், சமூகக் குழுக்களை எவ்வாறு காட்டினீர், பார்வையாளர் யாவர், தொழில்நுட்பம் பற்றி என்ன கற்றீர் என்னும் போக்கில் அவ்வினாக்கள் அமைந்தன. ஏழனுள் ஒன்றும் கதைமாந்தரின் பேச்சைத் தனியே வினவவில்லை. இவ்வகை மதிப்பீட்டு முறையைத் தமிழ் வகுப்பறைக்கு அப்படியே கொண்டுவருவோர் அதன் விடுபாட்டையும் உடன் கொண்டுவருகின்றனர்.

கலைச்சொற்களுக்கும் இது பொருந்தும். கேரல் குளோவர் 1987இல் எழுதிய கட்டுரையிலும் 1992இல் வெளியிட்ட நூலிலும் 'கடைசிப் பெண்' என்னும் கருத்தை விளக்கினார். கொலைஞனிடமிருந்து தப்பி, அவனை எதிர்த்து நிற்கும் இளம்பெண்ணை அது குறிக்கும். 1978இல் வந்த 'ஹாலோவீன்' போன்ற படங்களுக்கு இக்கருத்து நன்கு பொருந்துகிறது. தமிழ்க் கதை மரபிலோ பழையனூர் நீலி நிற்கிறாள். கணவனால் கொல்லப்பட்டவளே அஞ்சத்தக்கவளாகத் திரும்பி வருகிறாள். தென்மாவட்டங்களின் இசக்கி வழிபாட்டிலும் இதனையொத்த கதைகள் உண்டு. அங்கே எஞ்சியவளும் அச்சுறுத்துவோனும் எதிரெதிர் நிற்பர். இங்கே மாண்டவளே அச்சுறுத்துபவள். 'கடைசிப் பெண்' யார் என்று தமிழ்ப் படத்தில் தேடும் மாணவர் இல்லாத ஒருத்தியைத் தேடுகிறார். எதிரில் நிற்பவளின் வழக்கைக் கேட்பதில்லை.

நீலி கதை பேச்சின் கதையுமாகும். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி ஏந்திவந்து, வணிகனைத் தன் கணவன் என்று ஊரவையின்முன் அவள் வழக்குரைக்கிறாள். அவை அவள் சொல்லை நம்புகிறது. அச்சத்தின் உச்சம் ஒரு தீர்ப்பில் நிகழ்கிறது. இதனைப் படமாக்க ஒரு திண்ணையும் சில நடிகரும் போதும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இங்குத் துணைசெய்யும். அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களை அது வகுக்கிறது. மேலைத் திறனாய்வாளர் நோயல் கேரல் 1990இல் வெளியிட்ட நூலில், திகிற்கலையின் உணர்ச்சி அச்சமும் அருவருப்பும் கலந்தது என்றார். அருவருப்பை உடனே இளிவரல் என மொழிபெயர்க்கத் தோன்றும். ஆனால் தொல்காப்பியர் இளிவரலுக்குக் கூறும் களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன. குருதியும் அழுகலும் அங்கு இல்லை. எனவே இவ்விரு சொற்களும் முற்றொப்புமை உடையன அல்ல. முதியவளின் சுருங்கிய முகத்தையும் நோயுற்றோர் உடலையும் பேய்க்குரிய ஒப்பனையாக்கும் மாணவர் படங்களில், இளிவரலுக்குரிய களன் அச்சத்திற்குரிய களனாக மாற்றப்படுகிறது. இரக்கத்திற்கு உரியவர் அஞ்சப்படுகின்றனர். மதிப்பீட்டாளர் சுட்டவேண்டிய குறை இதுவே.

4. ரங்கத்: ஒரு களம்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். நடு அந்தமானின் ரங்கத் பகுதியில் தமிழர், வங்காளியர், தெலுங்கர் முதலியோர் அருகருகே வாழ்கின்றனர். பொதுமொழி இந்தி. சுற்றியுள்ள குடியேற்ற ஊர்களுக்குப் பஞ்சவடி, ஜனக்பூர், சபரி என இராமாயணப் பெயர்கள். இவ்வூர் மாணவர் ஒரு திகிற்படம் எடுப்பதாகக் கொள்வோம். நண்பரோடு பேசும் மொழி இந்தி. பாட்டி கதை சொல்லும் மொழி தமிழ். 'ஆம்' ஈற்றுக் கதை வீட்டிலும், அதனைச் சோதிக்கும் பேச்சு தெருவிலும் நிகழும். படத்தின் முதன்மை முரணை இம்மொழி மாற்றமே சுமக்கும். இருமொழி பேசும் கதைமாந்தரை ஒரே திரைத்தமிழில் பேசவைப்பின் இவ்வளம் இழக்கப்படும்.

நால்வகை நிலைக்களனும் இங்குக் கிட்டும். குடியேறியோர் தம் தாய்நிலத்திலிருந்து கொணர்ந்த தெய்வங்களும் பேய்களும் அணங்கின்பாற்படும். தானி நல்லா போன்ற அலையாத்திக் காட்டு ஓடைகளின் உவர்நீர் முதலை விலங்கின்பாற்படும்; அசையாத நீர்ப்பரப்பு ஒன்றே அதற்குரிய காட்சி. கடலிலும் காட்டிலும் திருட்டு வேட்டையாடுவோர் கள்வர். இறை என்பதை அதிகாரமுடையோர் என விரித்துக்கொண்டால், பதினாறு வயதினரின் அன்றாட அச்சமாகிய தந்தை, பள்ளி, தேர்வு ஆகியவை அதனுள் அடங்கும். மாணவர் படங்கள் மிகுதியும் கைவிடும் களன் இதுவே. அவர்கள் நன்கு அறிந்த களனும் இதுவே.

ரங்கத்திற்கு அண்மையில், நடு அந்தமானின் மேற்குப் பகுதியில், ஜாரவா பழங்குடியினரின் காப்பிடம் அமைந்துள்ளது. இங்கேதான் மதிப்பீடு பள்ளிப் பயிற்சி என்னும் எல்லையைக் கடக்கிறது. காடு, அம்பு, அறியாத மொழி ஆகியவற்றைக் கண்டவுடன் அவர்களை அணங்காகவோ விலங்காகவோ கள்வராகவோ ஆக்கிவிடுதல் எளிது. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அங்கமான் தீவினர் நாய்த்தலையர் என மார்க்கோ போலோ எழுதினார். 1890இல் வெளிவந்த கானன் டாயிலின் 'த சைன் ஆஃப் ஃபோர்' புதினத்தில் அந்தமான் தீவினன் ஒருவன் நச்சு முள்ளை ஊதுகுழலால் எய்து கொல்கிறான். அந்தமான் பழங்குடியினர் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடுவோர். ஊதுகுழல் அவர்தம் கருவியன்று. ஆசிரியர்க்கு வேண்டியிருந்தது அச்சம். அதற்கு ஒரு மக்களினம் விலையாயிற்று. 'ஜாரவா' என்னும் பெயரே அண்டை இனத்தார் மொழியில் அயலார் என்னும் பொருளில் வழங்கியது என்பர். அவர்கள் தம்மைக் குறிக்கும் சொல் மனிதர் என்னும் பொருளுடையது.

1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் அக்காப்பிடத்தில் இசைவின்றி நுழைதலையும் அம்மக்களைப் படமெடுத்தலையும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியுள்ளன. சட்டம் கேமராவைத் தடுக்கும். ஒரு மாணவன் நண்பனுக்குக் கரிபூசி நடிக்கவைத்து எடுக்கும் படத்தையோ, 'காட்டில் அவர்கள் இருக்கிறார்களாம்' என்னும் ஓர் உரையாடலையோ தடுப்பது கடினம். அதனைத் தடுக்கவல்லது மதிப்பீடு ஒன்றே. வகைமை மரபைப் பின்பற்றினீரா என்று மட்டும் வினவும் மதிப்பீட்டில் அத்தகைய படமும் நல்ல மதிப்பெண் பெறும்.

5. முடிவுரை

மாணவர் திகிற்படத்தை மதிப்பிடுவோர் ஒளியமைப்பு, படத்தொகுப்பு ஆகியவற்றோடு மூன்றினை வினவுதல் வேண்டும். அச்சத்தின் நிலைக்களன் யாது, அங்கு நிறுத்தப்பட்டவர் அதற்கு உரியவர்தாமா என்பது முதலாவது. கேள்வியாக வந்த செய்தி எவ்விடத்தில் காட்சியாகிறது, அம்மாற்றம் கதையால் ஈட்டப்பட்டதா என்பது இரண்டாவது. கதைமாந்தர் தம் ஊரின் மொழியைப் பேசுகின்றனரா, திரையின் மொழியைப் பேசுகின்றனரா என்பது மூன்றாவது. இவற்றை மாணவர் தமிழிலேயே எழுதி விடையிறுத்தல் நன்று. இவ்வினாக்களுக்குக் கூடுதற் செலவு இல்லை.

அச்சத்தைக் குறிக்கும் சொற்களாகப் பேம், நாம், உரும் என மூன்றினைத் தொல்காப்பிய உரியியல் எடுத்தோதுகிறது. இன்று மாணவர் உரையாடலில் திகில் என்னும் ஒரு சொல்லே எல்லாவற்றிற்கும் வழங்குகிறது. ஒரே சொல்லால் குறிக்கப்படும்பொழுது முதலையும் முதியவளும் காட்டில் வாழும் மனிதரும் ஒன்றாகிவிடுகின்றனர். இவர்களை வேறுபடுத்தும் சொற்களை மாணவர்க்கு மீட்டுக் கொடுப்பது மொழியாசிரியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் கடமையாகும்.