துவர்ப்பு கனியும் காலம்

நெல் அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடக்கும் நவம்பர் மாதத்தில், இலையுதிர் காலத்தின் கடைசி வாரங்களில், ஜப்பானின் மலையோரக் கிராமத் தோட்டங்களில் எஞ்சி நிற்கும் விளைச்சல்களுள் முதலில் கண்ணில் படுவது பெர்சிமன் பழமே ஆகும். இலைகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டுச் செம்மஞ்சள் காய்களை மட்டும் தாங்கி நிற்கும் இம்மரம் தமிழ் நிலத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று. கருங்காலியும், பீடி இலை தரும் மரமும், காயின் பிசினைப் படகின் இடுக்குகளில் பூசவும் மீன்வலையைப் பதப்படுத்தவும் மக்கள் பயன்படுத்திவந்த பனிச்சையும் இதன் பேரினத்தைச் சேர்ந்தவையே. சீமைப் பனிச்சை என்ற பெயர் இதற்குத் தமிழில் வழங்குவதும் அதனால்தான். ஜப்பானியரும் இதன் பச்சைக் காயின் சாற்றைப் புளிக்கவைத்துக் காகிதக் குடைக்கும் வலைக்கும் மரப்பலகைக்கும் பூசிவந்தனர் என்பதை நோக்கினால், இரு கடற்கரைகளிலும் மனிதர் கண்டறிந்த குணம் ஒன்றே என்பது விளங்கும். அக்குணம் துவர்ப்பு.

பெர்சிமனில் மரத்திலிருந்து பறித்த உடனே தின்னத்தக்க இனிப்பு வகையும், நன்கு சிவந்த பின்னும் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு வகையும் உண்டு. உலர்த்துவதற்கு விரும்பப்படுவது பின்னதே. அதில் சர்க்கரை குறைவாக இருப்பதன்று காரணம், நீரில் கரையும் டானின் என்னும் பொருள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து வாயை வறளச் செய்வதால் உள்ளிருக்கும் இனிப்பு நாக்குக்கு எட்டுவதில்லை. தோல் சீவிய பழம் காற்றில் காயும்போது மேற்பரப்பு இறுகிச் சவ்வாக, உள்ளே காற்றுப் புகாத நிலையில் அசிட்டால்டிஹைடு உண்டாகி, டானின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துக் கரையாத திரளாக்கிவிடுகிறது. ஆகவே துவர்ப்பு பழத்தை விட்டுப் போவதில்லை. நாக்கைத் தீண்டும் வலுவை மட்டும் இழக்கிறது. எதையும் சேர்க்காமல், சமைக்காமல், உள்ளதை இடம் மாற்றி வைப்பதோடு நின்றுவிடும் இந்த அடக்கமே ஹோஷிகாகி எனப்படும் உலர்பெர்சிமன் கலையைப் பிற பழப் பண்டங்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

பழம் கெட்டியாக இருக்கும்போதே பறிக்கப்படுகிறது. காம்போடு சிறு குச்சியொன்று குறுக்காக, கயிறு கட்டுவதற்கு வாகாக, நிற்கும்படி கிளையை நறுக்குவது பழகிய கைகளின் வழக்கம். எல்லாவற்றையும் பறிப்பதும் இல்லை. உச்சிக் கிளையில் ஒன்றிரண்டை விட்டுவைக்கும் மரபு உண்டு, அவை மரத்தைக் காப்பவை என்றும் பறவைகளுக்கான பங்கு என்றும் கருதப்படுகின்றன. பிறகு புல்லிவட்டத்தை ஒட்டிய தோளிலிருந்து தொடங்கிக் கத்தி பழத்தைச் சுற்றிச் சீவிச் செல்ல, பழங்கள் கயிற்றில் வரிசையாகக் கட்டப்பட்டு, மழை படாத, காற்று ஓடும் இறவாணங்களின் கீழ்த் தொங்கவிடப்படுகின்றன. வீட்டின் முகப்பு முழுவதும் செம்மஞ்சள் திரை விழுந்ததுபோல் ஆவதால் இதற்குப் பெர்சிமன் திரை என்றே பெயர்.

ஏறக்குறைய ஒரு வாரத்தில், மேற்பரப்பு விரலில் ஒட்டாத சவ்வாகியதும் கைவேலை தொடங்குகிறது. சில நாள்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு பழத்தையும் விரல் நுனிகளால் மெல்லப் பிசைகிறார்கள். உள்ளே இறுகி நிற்கும் நார்ப்பகுதி உடைந்து, ஈரம் வெளிப்புறம் நகர வழி திறக்கிறது. அழுத்தம் மிகுந்தால் சவ்வு கிழிந்து சாறு வடியும். குறைந்தால் நடுவில் கட்டி நின்றுவிடும். விரல்கள் உணர்கிற இந்த இடைநிலையை எந்த அளவுகோலும் சொல்லித் தருவதில்லை என்பதாலேயே, தோல் சீவும் பொறிகள் வந்த பின்னும் பிசைவது கைகளிடமே பெரிதும் தங்கிவிட்டது. நான்கு முதல் ஆறு வாரங்களில், உள்ளிருந்து கசிந்த சர்க்கரை மேற்பரப்பில் படிகமாகி வெண்பொடியாகப் பூக்கிறது. அறியாதவர் அதைப் பூஞ்சை என்று விலக்குவதுண்டு. பூஞ்சை பஞ்சுபோல் திட்டுத் திட்டாக எழும், சர்க்கரைப் பொடியோ மாவுபோல் மென்மையாகச் சீராகப் படியும்.

நாகானோ மாவட்டத்தின் இனா பள்ளத்தாக்கில், தென்ரியூ ஆற்றிலிருந்து பின் இலையுதிர் காலக் காலைகளில் எழும் மூடுபனி, பழம் விரைந்து வறண்டு போகாமல் தடுக்கிறது. அங்கு விளையும் சிறிய இச்சிதா பெர்சிமனுக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிஃபு மாவட்டத்தின் மினோகாமோவில் தயாராகும் ஹாச்சியா பெர்சிமன், ஷோகன்கள் எனப்படும் படைத்தலைவர்களான ஆட்சியாளர்களுக்குக் காணிக்கையாகச் சென்ற பெருமை உடையது. அதன் மேற்பரப்பை நெல்வைக்கோல் துடைப்பத்தால் வருடி வெண்பொடியை வரவழைப்பது அவ்வூர் வழக்கம்.

ஃபுகுஷிமாவின் தாத்தே பகுதியிலுள்ள அன்போகாகி என்னும் உலர்பெர்சிமன் வேறு மரபினது. கலிபோர்னியாவில் உலர்திராட்சைக்குக் கந்தகப் புகையூட்டும் முறையைத் தழுவி 1920களில் வளர்ந்த இதில் பழம் கருக்காமல் செம்மஞ்சளாகவே நிற்கிறது. பாதியளவு ஈரம் எஞ்சுவதால் உள்ளே ஜாம் போன்ற குழைவு. கண்ணுக்கு இதுவே அழகு எனலாம். ஆயினும் புகையூட்டாத பழத்தின் மங்கிய பழுப்பில் உள்ள ஆழம் இதில் இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. 2011 அணு உலை விபத்துக்குப் பின், உலரும்போது நீர் குறைந்து கதிரியக்கச் சீசியம் செறிவடையும் என்பதால் இத்தயாரிப்பு நிறுத்தப்பட்டது. உழவர்கள் குளிர்காலத்தில் உயர் அழுத்த நீரால் மரப்பட்டைகளைக் கழுவினர். 2013இல், சோதனைகளோடு, சில பகுதிகளில் மட்டும் மீண்டும் சந்தைக்கு வந்தது. உலர்த்துவது இனிப்பை மட்டுமே செறிவாக்கும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது கசப்பான பாடம்.

இப்போது அச்சுறுத்துவது வெதுவெதுப்பான, மழை மிகுந்த இலையுதிர் காலம். குளிர் தாமதித்தால் தொங்கும் பழத்தில் பூஞ்சை முந்திக்கொள்கிறது.

உண்ணும் முறைகளுள், மெல்லிய கீற்றுகளாக அரிந்து வெள்ளை முள்ளங்கியோடு காடியில் ஊறவைக்கும் புத்தாண்டு உணவும், பச்சைத் தேநீருக்கு முன் ஒரு துண்டு பரிமாறுவதும் சிறந்தவை. ஜப்பானிய இனிப்புகளின் தித்திப்பு உலர்பெர்சிமனை மிஞ்சக் கூடாது என்று அங்குள்ள பண்டக்காரர்களிடையே ஒரு சொல் வழக்கு இருப்பது இதன் நிலையைக் காட்டும். தேர்ந்த ரசிகர் பழத்தை நீளவாக்கில் பிளந்து, ஓரத்தின் இறுகிய சதையை முதலில் மென்று, விதைகளைச் சுற்றி நிற்கும் வழுவழுப்பான பாகத்தைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்பார். பிசைந்த கை எவ்வளவு தேர்ந்தது என்பது அங்கேதான் தெரியவரும்.