சூடில்லாத தாச்சி

ஜேர்மனிக்கு வந்த முதல் ஐந்து வருடங்களும் நான் ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவினேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தாச்சியை ஒருவர் துணி சுற்றிய கையால் நீட்ட, நான் வெறுங்கையால் வாங்கினேன். அந்தத் தழும்பு வலது உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. ஆகவே, மனிதர் பொருட்களை எவ்வாறு பற்றுகின்றனர் என்பதைக் கணனிக்குக் கற்பிக்கும் ஆய்வுகளை நான் இந்தக் கையை வைத்துக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் இவ்வாய்வுகளின் பெறுமதியைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பொருளைப் பற்றும்போது தொடும் இடத்தைக் கையே மறைத்துவிடுகிறது. சாதாரண கமராவுக்கு அது தெரியாது. 2019 இல் வெளியான 'கொன்ராக்ட்டிபி' என்ற அமெரிக்க ஆய்வு இதற்கு நல்லதொரு வழி கண்டது. 50 வீட்டுப் பாவனைப் பொருட்களை முப்பரிமாண அச்சில் செய்து 50 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் பற்றிவிட்டு வைத்ததும், கை விட்டுச்சென்ற சூட்டை வெப்பக் கமரா படம்பிடித்தது. இவ்வாறு 3,750 தொடுகை வரைபடங்கள் கிடைத்தன. ஒரே பொருளைப் பாவிப்பதற்கு எடுக்கும் கையும் இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு எடுக்கும் கையும் வேறுவேறாகப் பற்றுகின்றன என்பது அதில் தெரிந்தது. 2020 இல் ரூபிங்கன் மக்ஸ் பிளாங் நிறுவனத்தார் வெளியிட்ட 'கிராப்' இன்னும் ஒரு படி சென்றது. 10 பேர், 51 பொருட்கள். விரல், முகம் உட்பட உடல் முழுவதன் அசைவும் பதியப்பட்டது. பற்றுவது கையின் வேலை மட்டுமல்ல, முழு உடலின் வேலை என்பதை அது ஏற்றுக்கொண்டது. குசினியில் நின்றவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. எனினும் விஞ்ஞானம் அதைச் சொல்வது நல்லதே.

பிரச்சினை அந்தப் பொருட்களில் இருக்கிறது. அச்சில் வந்த தாச்சிக்குத் தாச்சியின் வடிவம் உண்டு. பாரம் இல்லை, எண்ணெய் இல்லை, சூடு இல்லை. தேநீர்ப் பாத்திரத்தினுள் தேநீர் இல்லை. வைன் கிளாஸ் உடையாது. கை பொருளுக்குக் கொடுத்த சூட்டை இக்கமரா நுணுக்கமாக அளக்கிறது. பொருள் கைக்குக் கொடுக்கும் சூடு அதன் கணக்கில் வருவதே இல்லை. ஆனால் நாம் ஒரு பொருளைப் பற்றும் விதத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது சூடுதான். சுடும், வழுக்கும், உடையும், உடைந்தால் முதலாளி கேட்பான் என்ற பயமும் விரல்களில் இருக்கிறது.

பரிசோதனை என்றால் சிலவற்றை ஒதுக்கத்தானே வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மை. எல்லாப் பொருளும் ஒரே மூலப்பொருளால் ஆனால்தான் ஒப்பிடுவது சுலபம். ஆனால் வேறு வழியே இல்லை என்றில்லை. 2018 இல் பிரிஸ்டல், ரொறன்ரோ, கற்றானியா பல்கலைக்கழகத்தவர்கள் வெளியிட்ட 'எபிக் கிச்சின்ஸ்' 32 பேரின் சொந்தக் குசினிகளில், அவர்கள் தலையில் பொருத்திய கமராவால் 55 மணித்தியாலங்களைப் பதிந்தது. என்ன செய்தோம் என்பதை அவர்களே பின்னர் தம் வாயால் சொன்னார்கள். அங்கே தண்ணீரும் நெருப்பும் உண்மையானவை. விரல் பட்ட இடம் மட்டும் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. ஆக, ஒன்றில் துல்லியம் உண்டு, வாழ்க்கை இல்லை. மற்றதில் வாழ்க்கை உண்டு, துல்லியம் குறைவு.

இது வெறும் விஞ்ஞானச் சச்சரவு அல்ல. இத்தகைய தரவுகளிலிருந்துதான் இயந்திரக் கைகளுக்குப் பற்றக் கற்பிக்க முனைகிறார்கள். நாளை அந்தக் கையின் பிடியே சரியான பிடி என்று ஆனால், துணியைத் தேடித் தயங்கும் தொழிலாளியின் கை பிழையான கையாகிவிடும். அந்தத் தயக்கம் பிழையல்ல, பட்டுத் தெரிந்த அறிவு.

'மனிதர் பற்றும் விதம்' என்று இவ்வாய்வுகளுக்குப் பெயரிடுவதை நான் ஏற்கவில்லை. 'வெறும் பாத்திரத்தை மனிதர் பற்றும் விதம்' என்றால் எனக்குச் சம்மதமே.